எதிர்க்கட்சிக்கு வேட்பாளரை நாமே தேர்ந்தெடுத்தால்? அமெரிக்க பிரைமரியில் நடக்கும் 'கட்சி மாறி' ஓட்டு

2008 மார்ச் தொடக்கம். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. குடியரசுக் கட்சியில் ஜான் மெக்கெய்ன்தான் வேட்பாளர் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. ஜனநாயகக் கட்சியிலோ பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் விடாமல் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ரஷ் லிம்பா தன் ரேடியோ நேயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். குடியரசுக் கட்சிக்காகத் தினமும் தொண்டை கிழியப் பேசும் மனிதர், நாடு முழுக்கக் கோடிக்கணக்கான நேயர்கள் வைத்திருந்தவர். அவர் சொன்னது இதுதான்: போய் ஹிலாரிக்கு ஓட்டு போடுங்க.

ஹிலாரி மேல் அவருக்குத் திடீர்ப் பாசம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேரும் இன்னும் சில மாதம் அடித்துக்கொண்டால் ஜனநாயகக் கட்சியின் பணமும் கரையும், பெயரும் கெடும். அந்த நேரத்தில் மெக்கெய்ன் நிம்மதியாகத் தயாராகலாம். கணக்கு அவ்வளவுதான். இந்தத் திட்டத்துக்கு அவரே வைத்த பெயர் 'ஆபரேஷன் கேயாஸ்'. குழப்ப நடவடிக்கை.

ஒரு கட்சிக்காரர் எதிர்க்கட்சியின் வேட்பாளர் தேர்வில் போய் ஓட்டு போட முடியுமா? முடியும். பல மாநிலங்களில் அது சட்டப்படி சரி. அப்படிப் போட்டால் நினைத்தது நடக்குமா என்பதுதான் சிக்கலான கேள்வி.

பிரைமரினா என்ன, சுருக்கமா

நம்ம ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் நடக்கும், கடைசியில் பட்டியல் மேலிருந்து வரும். 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தி யோசனையில் காங்கிரஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொகுதிகளில் மட்டும் கட்சிக்காரர்களே ஓட்டு போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பரிசோதித்துப் பார்த்தது. அதோடு சரி.

அமெரிக்காவில் அந்த வேலை மக்களுடையது. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய ஒரு தனித் தேர்தல் நடக்கும். பெரும்பாலும் மாநில அரசுதான் நடத்தும். அதே வாக்குச்சாவடி, அதே அரசு ஊழியர்கள், அதே வரிப்பணம். இதுதான் பிரைமரி.

இதில் யார் ஓட்டு போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் பிரைமரி 'மூடியது'. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எந்தக் கட்சி என்று பதிவாகியிருக்கிறதோ அந்தக் கட்சியின் பிரைமரியில் மட்டும்தான் ஓட்டு. (ஆமாம், அங்கே கட்சிப் பதிவு அரசின் பட்டியலிலேயே இருக்கும். நமக்குக் கொஞ்சம் திகிலான விஷயம்தான்.) மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, டெக்சாஸ் மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது. அன்றைக்கு எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். நியூ ஹாம்ப்ஷையர் மாதிரி சில இடங்களில் நடுவாந்தரம்: கட்சி எதையும் பதியாதவர்கள் விரும்பிய பக்கம் போகலாம், எதிர்க்கட்சியில் பதிந்தவர்கள் போக முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. எந்த முறையாக இருந்தாலும் ஒருவருக்கு ஒரு கட்சியின் சீட்டுதான். எதிராளியின் வீட்டில் போய்க் குழப்பம் பண்ணப் போனால், அன்றைக்கு உங்கள் சொந்த வீட்டில் உங்களுக்குக் குரல் இல்லை.

போகிறவர்கள் எல்லாம் ஒரே ரகமா?

இல்லை. இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சி பிரைமரிக்குப் போகிற எல்லோரும் குழி பறிக்கப் போவதில்லை.

சிலருக்கு உண்மையிலேயே அந்தப் பக்க வேட்பாளரைப் பிடித்திருக்கும். பொதுத்தேர்தலிலும் அவருக்கே போடுவார்கள். 2008-ல் லிம்பா வாய் திறப்பதற்கு முன்பே ஜனநாயகக் கட்சி பிரைமரிகளுக்கு வந்த குடியரசுக் கட்சியினர் இருந்தார்கள். விஸ்கான்சினில் அவர்களில் பெரும்பாலோர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். காரணம் எளிமையானது, அவரைப் பிடித்திருந்தது.

இரண்டாவது ரகம் இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள். 'என் கட்சி இங்கே ஜெயிக்கப் போறதில்லை. அவங்கதான் வரப்போறாங்க. அப்போ அவங்கள்ல கொஞ்சம் பரவாயில்லாத ஆளாவது வரட்டும்' என்கிற மனநிலை.

மூன்றாவது ரகம்தான் லிம்பா கேட்டது. எதிராளியில் யார் பலவீனமோ, யார் பொதுத்தேர்தலில் தோற்பாரோ, அவருக்கு வேண்டுமென்றே ஓட்டு. அமெரிக்க அரசியலில் இதை 'ரெய்டிங்' என்பார்கள். கொள்ளையடிக்கப் புகுவது மாதிரி.

அரசியல் ஆய்வாளர்கள் பல தேர்தல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முதல் இரண்டு ரகம்தான் அதிகம், மூன்றாவது மிகக் குறைவு. ஆனால் தலைப்புச் செய்தியாவது எப்போதும் மூன்றாவதுதான். தோற்றவர்களுக்கும் அது வசதியான சமாதானம். 'நம்ம ஆளுங்க கைவிட்டுட்டாங்க'னு சொல்வதைவிட 'எதிரி உள்ள புகுந்துட்டான்'னு சொல்வது சுலபம் இல்லையா?

குழப்ப நடவடிக்கை என்ன ஆனது?

முதலில் வேலை செய்த மாதிரிதான் தெரிந்தது. மார்ச் 11 மிசிசிப்பி பிரைமரியில் ஓட்டு போட்டுவிட்டு வெளியே வந்த குடியரசுக் கட்சியினரிடம் கேட்டபோது, சுமார் நாலில் மூன்று பங்கினர் ஹிலாரிக்குப் போட்டதாகச் சொன்னார்கள். விஸ்கான்சினில் இருந்த நிலைமைக்கு நேர் எதிர். ஆனாலும் அந்த மாநிலத்தில் ஒபாமாதான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மே 6 அன்று இந்தியானா. அங்கே ஹிலாரி சுமார் 14,000 ஓட்டில் ஜெயித்தார். இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் லிம்பாவின் ஆட்கள்தான் ஹிலாரியை ஜெயிக்க வைத்தார்களா? இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வழியில்லை. இந்தியானாவில் அடிப்படையிலேயே ஹிலாரிக்குச் சாதகமான வாக்காளர்கள் நிறைய. குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவர்களிலும் எத்தனை பேர் ரேடியோ கேட்டு வந்தார்கள், எத்தனை பேர் ஒபாமாவைப் பிடிக்காமல் வந்தார்கள் என்று ஓட்டுச்சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலும், ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகள் ஓட்டு விகிதப்படி பிரிக்கப்படுவார்கள். 14,000 ஓட்டில் ஜெயித்தால் கிடைப்பது கைக்கு எட்டிய சில பிரதிநிதிகள்தான். ஜூன் மாதம் ஹிலாரி போட்டியிலிருந்து விலகினார்.

சுவாரஸ்யம் அதற்கப்புறம்தான். வழக்கமாக இந்தியானா பிரைமரி வரும்போது போட்டி முடிந்திருக்கும், யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். 2008-ல் சண்டை நீண்டதால் இரு முகாம்களும் அங்கே அலுவலகம் திறந்தன, வீடு வீடாகப் போயின, புதிய வாக்காளர்களைச் சேர்த்தன. நவம்பரில் ஒபாமா இந்தியானாவில் ஜெயித்தார், வெறும் ஒரு சதவீத வித்தியாசத்தில். 1964-க்குப் பிறகு ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அந்த மாநிலத்தில் ஜெயித்தது அதுதான் முதல் முறை. எதிரியைக் களைப்பாக்க நீட்டிய ஆட்டம் எதிரிக்கே பயிற்சியாக முடிந்தது. 'லிம்பாவால்தான்' என்று சொன்னால் மிகை. ஆனால் அவர் விரும்பியது இது இல்லை.

பலவீனமான ஆள் என்று யார் சொன்னது?

ரெய்டிங்கில் இருக்கும் அடிப்படைக் கோளாறு இதுதான். எதிராளியில் யார் பலவீனம் என்று நமக்குத் தெரியும் என நினைப்பது. அமெரிக்க வரலாற்றில் இந்த நினைப்பு பலரைக் கவிழ்த்திருக்கிறது.

1966 கலிபோர்னியா. ஜனநாயகக் கட்சியின் பேட் பிரவுன் கவர்னர், மூன்றாவது முறை நிற்கிறார். குடியரசுக் கட்சி பிரைமரியில் இரண்டு பேர்: சான் ஃபிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர் ஜார்ஜ் கிறிஸ்டோபர், இன்னொருவர் அரசியலில் எந்தப் பதவியும் வகிக்காத ஒரு சினிமா நடிகர். மேயரை எதிர்கொள்வது கஷ்டம், நடிகரை ஊதித் தள்ளிவிடலாம் என்று பிரவுன் முகாம் முடிவு செய்தது. கிறிஸ்டோபரின் பழைய பால் வியாபார வழக்கு ஒன்றைப் பத்திரிகையில் வரவழைத்தார்கள். கிறிஸ்டோபர் தோற்றார். நடிகர் வேட்பாளரானார். நவம்பரில் பிரவுனைக் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஓட்டில் தோற்கடித்தார். அந்த நடிகரின் பெயர் ரொனால்ட் ரீகன். (சினிமாக்காரர்தானே என்று அலட்சியம் பண்ணினால் என்ன ஆகும் என்பதை 1966-ல் யாராவது நம்மிடம் கேட்டிருந்தால், அடுத்த பதினோரு வருஷத்தில் நாமே உதாரணம் காட்டியிருப்போம்.)

அரை நூற்றாண்டு கழித்து அதே பிழை. 2015 ஏப்ரலில் ஹிலாரி முகாமுக்குள் சுற்றிய ஒரு குறிப்பு 2016 அக்டோபரில் விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தது. குடியரசுக் கட்சியில் தீவிர நிலைப்பாடு எடுக்கும் வேட்பாளர்களை ஊடகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி செய்தால் நமக்கு நல்லது என்ற யோசனை அதில் இருந்தது. உதாரணமாகச் சொல்லப்பட்ட மூன்று பெயர்களில் ஒன்று டொனால்ட் டிரம்ப். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

எல்லா முறையும் தவறும் என்றும் சொல்ல முடியாது. 2012-ல் மிசூரி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், ஜனநாயகக் கட்சிக்காரர், குடியரசுக் கட்சி பிரைமரியில் டாட் ஏகின் ஜெயிக்க வேண்டும் என்று சுமார் 17 லட்சம் டாலர் செலவழித்தார். 'இவர் மிசூரிக்கு ரொம்பப் பழமைவாதி' என்ற விளம்பரம். கேட்பதற்குத் திட்டுவது போல இருக்கும். குடியரசுக் கட்சி வாக்காளர் காதில் அது பாராட்டு. ஏகின் ஜெயித்தார். சில நாளிலேயே பாலியல் வன்முறையையும் கருத்தரிப்பையும் பற்றி அவர் உளறியது நாடு முழுக்க வெடித்தது. மெக்காஸ்கில் சுலபமாக ஜெயித்தார். பிறகு தன் சுயசரிதையில் இதை ஒளிக்காமல் எழுதவும் செய்தார்.

2022-ல் அதே உத்தி பெரிய அளவில் நடந்தது. மிச்சிகனில் பீட்டர் மைஜர் என்ற குடியரசுக் கட்சி எம்.பி., டிரம்ப்பைப் பதவி நீக்கம் செய்ய ஓட்டு போட்ட அந்தக் கட்சியின் பத்துப் பேரில் ஒருவர். அவருக்கு எதிராக நின்ற டிரம்ப் ஆதரவாளர் ஜான் கிப்ஸைத் தூக்கிவிட ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு நாலு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. மைஜர் பிரைமரியில் தோற்றார். நவம்பரில் கிப்ஸ் தோற்றார். சீட்டு ஜனநாயகக் கட்சிக்கு. வெற்றிதான். ஆனால் 'ஜனநாயகத்துக்கே ஆபத்து' என்று மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டே, அந்த ஆபத்து என்று சொன்னவருக்கு விளம்பரம் பண்ணியதும், மனசாட்சிப்படி ஓட்டு போட்டவரை வீட்டுக்கு அனுப்பியதும் அந்தக் கட்சிக்குள்ளேயே பலருக்குச் செரிக்கவில்லை. செரிக்காதது நியாயம்தான்.

குற்றம் சொல்பவரும் செய்தவர்தான்

2012 பிப்ரவரி 28, மிச்சிகனில் குடியரசுக் கட்சி அதிபர் பிரைமரி. மிட் ராம்னியும் ரிக் சான்டோரமும் மோதினார்கள். அந்தப் பக்கம் ஒபாமாவுக்குப் போட்டியே இல்லை. ஜனநாயகக் கட்சியினருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. சான்டோரம் முகாமே அவர்களுக்குப் பதிவுசெய்த குரலில் போன் போட்டது: வந்து ராம்னிக்கு எதிராக ஓட்டு போடுங்கள் என்று. கார் கம்பெனிகளுக்கு அரசு உதவி செய்ததை ராம்னி எதிர்த்தார் என்பது அந்த அழைப்பில் சொன்ன காரணம். அந்த உதவியை சான்டோரமும் எதிர்த்தவர்தான், அதைச் சொல்லவில்லை.

ராம்னிக்குக் கடும் கோபம். ஆனால் ஒரு பழைய கதை உண்டு. 1992-ல் மாசசூசெட்ஸில் ராம்னி ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பால் சாங்கஸுக்கு ஓட்டு போட்டவர். ஏன் என்று 2007-ல் டிவி பேட்டியில் கேட்டபோது, குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு எதிராக யார் பலவீனமாக இருப்பாரோ அவருக்குப் போடுவது தன் வழக்கம் என்ற பொருளில் பதில் சொன்னார். மிச்சிகன் முடிவு? ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர்களில் பாதிக்கு மேல் சான்டோரமுக்குப் போட்டார்கள். அவர்கள் மொத்த வாக்காளரில் பத்தில் ஒரு பங்குதான். ராம்னி 41 சதவீதம், சான்டோரம் 38. தப்பித்தார்.

மிசிசிப்பியில் நடந்தது வேறு கதை

இதுவரை சொன்னதெல்லாம் சூழ்ச்சிக் கணக்கு. 2014 மிசிசிப்பி அப்படியில்லை. இந்த விவகாரத்தில் உண்மையாகவே யோசிக்க வைக்கும் தேர்தல் அதுதான்.

தாட் காக்ரன் அங்கே 1978-ல் முதலில் ஜெயித்த குடியரசுக் கட்சி செனட்டர். பழைய பாணி ஆள். மத்திய அரசின் நிதியை மாநிலத்துக்குக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். கத்ரீனா புயலுக்குப் பிறகு வந்த நிவாரண நிதியில் அவர் பங்கு பெரிது. அவரை எதிர்த்து நின்றவர் கிறிஸ் மெக்டேனியல், அரசு செலவையே வெட்ட வேண்டும் என்ற 'டீ பார்ட்டி' அணி. ஜூன் 3 பிரைமரியில் மெக்டேனியல் மயிரிழையில் முந்தினார். ஆனால் இருவருக்கும் 50 சதவீதம் கிடைக்கவில்லை. ஜூன் 24-ல் மறுசுற்று.

அந்த மூன்று வாரத்தில் காக்ரன் முகாம் யாரும் எதிர்பார்க்காத இடத்துக்குப் போய் ஓட்டுக் கேட்டது: கருப்பின மக்களிடம். மிசிசிப்பியில் அவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டு போடுபவர்கள். மாநிலச் சட்டப்படி ஜூன் 3 அன்று ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டு போடாதவர் யாரும் குடியரசுக் கட்சி மறுசுற்றில் போடலாம். போட்டார்கள். முதல் சுற்றைவிட மறுசுற்றில் 60,000-க்கும் அதிகமான ஓட்டுகள் பதிவாயின. மறுசுற்றில் ஓட்டு குறைவதுதான் வழக்கம், இங்கே கூடியது. தலைநகர் ஜாக்சன் இருக்கும் ஹைண்ட்ஸ் கவுன்டி போன்ற கருப்பினத்தவர் அதிகமுள்ள பகுதிகளில் காக்ரனுக்கு ஓட்டு குவிந்தது. சுமார் 7,700 ஓட்டில் ஜெயித்தார்.

மெக்டேனியல் கொதித்தார். குடியரசுக் கட்சி வேட்பாளரை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். காலக்கெடு தாண்டி வந்த மனு என்று தள்ளுபடி ஆனது. மிசிசிப்பியில் ஒரு சட்டமும் இருக்கிறது: பிரைமரியில் ஓட்டு போடுபவர் அந்தக் கட்சியின் வேட்பாளரைப் பொதுத்தேர்தலில் ஆதரிக்கும் எண்ணம் உடையவராக இருக்க வேண்டும் என்று. எண்ணத்தை யார் போய்ச் சோதிப்பது? வாக்குச்சாவடியில் அதற்கு ஸ்கேனர் இல்லை.

இதை ரெய்டிங் என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மக்கள் தோற்கப்போகிற ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. நவம்பரில் குடியரசுக் கட்சிதான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் அவர்களுடைய செனட்டர் யார் என்பது முடிவான உண்மையான நாள் ஜூன் 24தான். அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டு நவம்பரில் போய் ஓட்டு போட்டால் அது வெறும் சடங்கு.

இந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிலைமை தலைகீழ்: ஜனநாயகக் கட்சிதான் எல்லாம். அதன் பிரைமரியில் ஜெயித்தால் தேர்தலில் ஜெயித்த மாதிரி. அந்தப் பிரைமரியில் வெள்ளையர் மட்டும்தான் ஓட்டு போடலாம் என்று கட்சி விதி வைத்திருந்தது. 'நாங்க ஒரு தனியார் சங்கம், யாரைச் சேர்க்கணும்னு நாங்க முடிவு பண்ணுவோம்' என்பது வாதம். ஹூஸ்டனைச் சேர்ந்த கருப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், 1944-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உடைத்தது. பிரைமரி கட்சியின் வீட்டு விசேஷம் அல்ல, தேர்தல் நடைமுறையின் ஒரு பகுதி என்றது. எழுபது வருடம் கழித்து, கட்சிகள் இடம் மாறி நின்ற அதே தென்மாநிலத்தில், கருப்பின மக்கள் உண்மையான தேர்தல் எங்கே நடக்கிறதோ அங்கே போய் நின்றார்கள்.

சரி, கட்சிக்கும் ஒரு உரிமை உண்டே?

உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1996-ல் கலிபோர்னியா மக்கள் ஒரு முறையை ஓட்டு போட்டுக் கொண்டுவந்தார்கள்: எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில், எந்தப் பதவிக்கு எந்தக் கட்சிக்காரரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், அதிக ஓட்டு வாங்கியவர் அந்தக் கட்சியின் வேட்பாளர். கட்சிகள் எதிர்த்து நீதிமன்றம் போயின. 2000-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பின் சாரம்: ஒன்று சேர்வது உரிமை என்றால், வேண்டாதவரைச் சேர்க்காமல் இருப்பதும் உரிமை. கட்சியின் முகத்தை எதிர்க்கட்சிக்காரர் தீர்மானிக்கும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சு. ஆனால் தேர்தல் செலவு மட்டும் எல்லோருடைய வரிப்பணம், முடிவு மட்டும் உறுப்பினர்களுடையது என்றால் அது எப்படி என்று எந்தக் கட்சியும் சேராத வாக்காளர் கேட்பதும் நியாயம்தான். கலிபோர்னியா பிறகு வேறு வழி கண்டுபிடித்தது: கட்சி வேட்பாளர் என்பதையே விட்டுவிட்டு, எல்லோரும் ஒரே களத்தில் நின்று முதல் இரண்டு பேர் பொதுத்தேர்தலுக்குப் போவது. வாஷிங்டன் மாநிலத்திலும் இதே முறை. அங்கே கட்சி மாறி ஓட்டு போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேறு மாநிலங்கள் கதவை இறுக்கின. நியூயார்க்கின் பழைய விதிப்படி, அடுத்த பிரைமரியில் ஓட்டு போட முந்தைய பொதுத்தேர்தலுக்கு 30 நாள் முன்பே கட்சியைப் பதிந்திருக்க வேண்டும். ரெய்டிங்கைத் தடுக்க இது செல்லும் என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் ஏற்றது. டென்னசியில் 2023-ல் வந்த சட்டப்படி, உண்மையான கட்சி விசுவாசம் இல்லாமல் அதன் பிரைமரியில் ஓட்டு போடுவது குற்றம் என்று வாக்குச்சாவடியிலேயே போர்டு வைக்க வேண்டும். அந்த மாநிலத்தில் கட்சிப் பதிவே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது?

2022-ல் இரண்டு தேர்தல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

ஜார்ஜியாவில் பிராட் ராஃபன்ஸ்பெர்கர். 2021 ஜனவரியில் 'எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடிச்சுக் குடுங்க' என்று டிரம்ப் போனில் கேட்டாரே, அந்த மாநிலச் செயலர். குடியரசுக் கட்சி பிரைமரியில் டிரம்ப் ஆதரித்த ஜோடி ஹைஸ் அவரை எதிர்த்து நின்றார். ராஃபன்ஸ்பெர்கர் 52 சதவீதத்துக்கு மேல் வாங்கி மறுசுற்று இல்லாமலே தப்பித்தார். 2020-ல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டு போட்டவர்களில் 37,000-க்கும் அதிகமானோர் இந்த முறை குடியரசுக் கட்சி சீட்டை எடுத்ததாக ஏபி செய்தி நிறுவனம் கணக்கிட்டது. (யாருக்குப் போட்டார்கள் என்பது ரகசியம், எந்தக் கட்சிச் சீட்டை எடுத்தார்கள் என்பது அங்கே பொது ஆவணம்.) 50 சதவீதக் கோட்டை அவர் தாண்டியது சுமார் 27,000 ஓட்டில். அந்த 37,000 பேர் இல்லையென்றால் மறுசுற்று வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜனநாயகக் கட்சியினருக்கு அன்றைக்கு இழப்பும் பெரிதாக இல்லை. அவர்களுடைய கவர்னர் வேட்பாளர் ஸ்டேசி ஏப்ரம்ஸுக்குப் போட்டியே இல்லை.

மூன்று மாதம் கழித்து வயோமிங்கில் லிஸ் சேனி. டிரம்ப்பை எதிர்த்ததற்காகக் கட்சியில் ஒதுக்கப்பட்டவர். தனக்கு ஓட்டு போட எப்படிக் கட்சி மாறிப் பதிவது என்று ஜனநாயகக் கட்சியினருக்கு அவர் முகாமே வழி சொன்னது. ஆயிரக்கணக்கானோர் மாறவும் செய்தார்கள். முடிவு: ஹேரியட் ஹேக்மன் 66 சதவீதம், சேனி 29. வித்தியாசம் 60,000 ஓட்டுக்கு மேல். மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்கள் மொத்தமே 50,000 தேறாது. எல்லோரும் ஒருவர் விடாமல் வந்திருந்தாலும் போதாது.

ஆக, போட்டி ஏற்கெனவே மயிரிழையில் இருந்தால், தங்கள் பக்கத்தில் போட்டி இல்லாமல் இருந்தால், போகிறவர்கள் எதிரிக்குக் குழி பறிக்காமல் தாங்கள் ஏற்கக்கூடிய ஒருவரைக் காப்பாற்றப் போனால் பலிக்கிறது. குழி பறிக்க ஆள் திரட்டுவது கஷ்டம். மனிதர்களுக்குத் தாங்கள் வெறுக்கிற பெயருக்கு நேராகக் குறி போடக் கை வருவதில்லை. வெயிலில் வரிசையில் நின்று அதைச் செய்ய இன்னும் குறைவான பேர்தான் வருவார்கள்.

இது அமெரிக்கப் பிரச்சினை மட்டும் இல்லை. 2015-ல் பிரிட்டனின் தொழிற்கட்சி மூன்று பவுண்ட் கட்டினால் யாரும் தலைவர் தேர்தலில் ஓட்டு போடலாம் என்று திறந்துவிட்டது. இடதுசாரியான ஜெரமி கோர்பினைத் தலைவராக்கினால் தொழிற்கட்சி அழிந்துவிடும் என்று கன்சர்வேட்டிவ் பக்கத்தில் சிலர் மூன்று பவுண்ட் கட்டக் கிளம்பினார்கள். டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை வழிமுறையே வெளியிட்டது. கோர்பின் 59.5 சதவீதத்தில் ஜெயித்தார். ஆனால் முழு உறுப்பினர்களிடமே அவருக்கு ஏறக்குறைய 50 சதவீதம் கிடைத்திருந்தது. மூன்று பவுண்ட் ஆட்கள் இல்லாமலும் அவர்தான் ஜெயித்திருப்பார். அவர்களிலும் பெரும்பாலோர் உண்மையான ஆதரவாளர்கள். 2017-ல் தெரசா மேயின் பெரும்பான்மையைப் பறித்தபோது அந்த மூன்று பவுண்ட் சிரிப்பு நின்றது. 2019-ல் படுதோல்வி அடைந்தபோது மறுபடி வந்தது. தென்கொரியாவில் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கருத்துக்கணிப்பையும் பயன்படுத்துவதால், 'நீங்க எந்தக் கட்சி?' என்று முதலில் கேட்டு எதிர்க்கட்சி ஆதரவாளரை விலக்கலாமா என்பதே ஒவ்வொரு முறையும் பெரிய சண்டை.

இப்போது எங்கே நிற்கிறது?

சேனி தோற்ற பிறகும் வயோமிங் குடியரசுக் கட்சி நிம்மதியாக இல்லை. 2023-ல் புதுச் சட்டம் வந்தது: வேட்பாளர்கள் மனுத் தாக்கல் தொடங்கியபின் பிரைமரி முடியும்வரை யாரும் கட்சி மாறிப் பதிய முடியாது. கவர்னர் கையெழுத்துப் போடாமலே அது சட்டமானது. யார் நிற்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே எந்தக் கட்சி என்று முடிவு செய்துவிட வேண்டும்.

2024-ல் நிக்கி ஹேலி டிரம்ப்பை எதிர்த்தபோது கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷையரில் கட்சி சாராதவர்கள் வந்தும் டிரம்ப் 54, ஹேலி 43. ஆனால் யாரும் எந்தச் சீட்டையும் எடுக்கலாம் என்ற விதியுள்ள வெர்மான்ட்டில் ஹேலி ஜெயித்தார். அவர் ஜெயித்த ஒரே மாநிலம் அதுதான். அது தவிர தலைநகர் வாஷிங்டன் டிசி.

லூசியானாவில் பல பத்தாண்டுகளாக எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே களத்தில் நிற்கும் முறை இருந்தது. 2024 ஜனவரியில் சட்டமன்றம் அதை மாற்றியது. செனட், பிரதிநிதிகள் சபை உள்ளிட்ட சில பதவிகளுக்கு 2026 முதல் கட்சி பிரைமரி. எந்தக் கட்சியும் பதியாதவர் ஏதாவது ஒன்றில் போடலாம், எதிர்க்கட்சியில் பதிந்தவருக்கு இடமில்லை. அதே 2024 நவம்பரில் அலாஸ்காவில் நேர் எதிர்க் கேள்வி மக்கள் முன் வந்தது: கட்சி பேதமில்லாமல் முதல் நால்வரைத் தேர்ந்தெடுக்கும் தங்கள் திறந்த பிரைமரியை ஒழித்துவிடலாமா என்று. வேண்டாம், இருக்கட்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள். வித்தியாசம் ஆயிரம் ஓட்டுகூட இல்லை.